தூத்துக்குடி ஏற்றுமதி செய்த பேதி

பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபியைச் செய்ய வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் எல்லோருடைய பயமும் குழாயின் மீதுதான் போகிறது. எவ்வளவு நீளம், வலிக்குமா, மயக்க மருந்து கொடுப்பார்களா என்று கேட்கிறார்கள். முதல் நாள் குடிக்கச் சொல்லும் பேதி மருந்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. செய்துகொண்டவர்களை விசாரித்தால் பெரும்பாலோர் சொல்வது வேறு: குழாய் போனதும் வந்ததும் தெரியவில்லை, முந்தின இரவுதான் பாடாய்ப் படுத்திவிட்டது என்பார்கள். மருத்துவ வரலாறு எழுதுகிறவர்களும் அநேகமாகக் குழாயின் கதையோடு நின்றுவிடுகிறார்கள். 1954இல் ஹரோல்ட் ஹாப்கின்ஸும் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்திக் காட்டினார்கள். 1957இல் பாசில் ஹிர்ஷோவிட்ஸ் அந்த இழைகளைக் கொண்டு வளையும் குழாயால் இரைப்பையைப் பார்த்தார். 1969இல் நியூயார்க்கில் வில்லியம் வோல்ஃபும் ஹிரோமி ஷின்யாவும் பெருங்குடல் முழுவதையும் பார்த்ததோடு, உள்ளே இருந்த பாலிப் என்ற சதை வளர்ச்சியை வயிற்றைக் கிழிக்காமல் அறுத்தெடுத்தும் காட்டினார்கள். இவையெல்லாம் உண்மை. ஆனால் உலகத்தின் மிகச் சிறந்த கேமராவை வைத்தாலும் அழுக்குக் குடலில் எதுவும் தெரியாது. குடலைக் கழுவும் கலைக்கென்று தனி வரலாறு இருக்கிறது. அது குழாயைவிட மிகப் பழையது. அதில் ஒரு நீண்ட பகுதி தூத்துக்குடித் துறைமுகத்தின் வழியே நடந்திருக்கிறது. குடலைக் காலி செய்யும் வலிமை மனிதருக்கு எப்போதும் கையில் இருந்தது. காலியாகும்போது உடம்பில் எதை நிறுத்திவைக்க வேண்டும் என்ற அறிவுதான் தாமதமாக வந்தது என்பதே அந்த வரலாற்றிலிருந்து நான் எடுக்கும் முடிவு. கொலோனோஸ்கோபிக்குப் போகிறவர் தெரிந்துகொள்ள வேண்டியதும் பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

தூத்துக்குடியின் கடற்கரை முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்றது. போர்த்துகீசியரும், 1658க்குப் பிறகு டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் முத்துக்காகவும் சங்குக்காகவும் துணிக்காகவும் இங்கே மாறி மாறி வந்தார்கள். முத்துக்குளிப்பு 1961 வாக்கில் ஓய்ந்துவிட்டது. இப்போது தூத்துக்குடி என்றால் உப்பு, கருவாடு, மக்ரூன் என்பார்கள். உலகத்தின் மருந்தாளுநர் படிப்பில் இந்த வட்டாரத்தின் பெயர் நிலைத்திருப்பது இவற்றில் எதனாலும் அல்ல, ஒரு பேதி இலையால். ‘திருநெல்வேலி சென்னா’ என்று பாடநூல்கள் இன்றும் குறிப்பிடும் அந்தச் செடியை நம் வைத்திய நூல்கள் நிலாவரை என்கின்றன; வட்டார விவசாயிகளில் பலர் அவுரி என்கிறார்கள். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல்தான் என்பதால் சரக்கின் பெயரில் நெல்லை நின்றுவிட்டது, ஏற்றி அனுப்பிய துறைமுகம் மறைந்துவிட்டது.

செடி நம்முடையதல்ல. அரேபியாவும் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையும் அதற்குத் தாய்மண். ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து அரபு மருத்துவர்கள் அதை எழுதிவைத்தார்கள். அவர்கள் வழியே அது ஐரோப்பாவுக்குப் போனது. ஐரோப்பியச் சந்தையில் நெடுங்காலம் ஆண்ட சரக்கு அலெக்சாந்திரியா சென்னா. நூபியாவின் காட்டுச் செடியிலிருந்து பறித்து, நைல் வழியாகக் கொண்டுவந்து, அலெக்சாந்திரியாவில் கப்பலேற்றியது. அதில் ஆர்கெல் என்ற வேறு செடியின் இலை கலந்திருக்கும். காம்பும் தூசும் இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் திருநெல்வேலிச் சீமையில் ஹியூஸ் என்ற ஆங்கிலேயர் இந்தச் செடியை வயலில் பயிரிட்டு அனுப்பத் தொடங்கினார். லண்டன் மருந்து வணிகர்களுக்கு அது புது அனுபவம். காட்டில் பொறுக்காமல் வயலில் விளைத்த இலை. நீளமானது, உடையாதது, கலப்படம் இல்லாதது. 1867ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் மருந்து நூல் அலெக்சாந்திரியா இலையோடு திருநெல்வேலி இலையையும் தனியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் 1874இல் எழுதிய பெரும் மருந்துச் சரக்கு நூலிலும் அதற்கு இடம் உண்டு.

இந்த மண்ணில் அது ஏன் பிடித்துக்கொண்டது என்பதற்குப் பெரிய மர்மம் எதுவும் இல்லை. மழை குறைந்த நிலம் அதற்குப் போதும். தேங்கும் தண்ணீர்தான் ஆகாது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்து, இரண்டு மூன்று மாதத்தில் முதல் பறிப்பு. ஆடு மாடு விரும்பி மேயாது, மேய்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பறித்த இலையைக் கடும் வெயிலில் போட்டால் நிறமும் குணமும் போய்விடும் என்பதால் நிழலில் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறி உலர்த்துவார்கள். மஞ்சள் ஓடிய பச்சை நிறத்தில் வந்தால் நல்ல விலை. பிறகு தரம் பிரித்து, பேல்களாக அழுத்திக் கட்டித் தூத்துக்குடிக்கு. மருந்தாளுநர் பாடநூல்களில் ஒரு குறிப்பு வருகிறது: திருநெல்வேலி இலையின் மேல் குறுக்காகவும் சாய்வாகவும் மெல்லிய கோடுகள் தெரியும், பேலில் அழுத்தியதால் பதிந்த தடம் அது, அதைக் கொண்டே அலெக்சாந்திரியா இலையிலிருந்து பிரித்தறியலாம். எங்கோ ஒரு ஊரில் பூதக்கண்ணாடி வழியே மாணவர் தேடிப் பார்ப்பது, பேல் கட்டிய தொழிலாளியின் கைவேலையை. அன்றைய தூத்துக்குடியில் கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிடும். தோணிகளில்தான் சரக்கு போகும். 1876இல் ரயில் வந்த பிறகு உள்நாட்டுச் சரக்கு கரைக்கு வந்துசேர்வது எளிதானது. பருத்திப் பொதிகளுக்குப் பக்கத்தில் பேதி இலைப் பேல்களும் தோணி ஏறின.

இலையின் பெருமை அதன் வேகத்தால் வந்ததல்ல. வேகமான பேதி மருந்துகள் நம்மிடம் முன்பே இருந்தன. விளக்கெண்ணெய் இல்லாத வீடு இருந்ததில்லை. கடுக்காய் மெதுவாக வேலை செய்யும். நேர்வாளம் என்ற கொட்டை இருக்கிறது, அதன் எண்ணெயில் சில துளிகளே ஆளைச் சாய்த்துவிடும். சித்த மருத்துவர்கள் அதைச் சுத்தி செய்த பிறகே தொடுவார்கள். தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி, வாந்திக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பேதிக்கு நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் மருந்து எடுக்கச் சொல்கிறது. பேதிக்குக் கொடுத்த அன்று மோரும் கஞ்சியும் ரசமும் மட்டும் என்ற வீட்டு வழக்கம், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் அனுபவ அறிவு. அதை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் மருந்தின் அளவு கைக்கணக்கில் இருந்தது. செடிக்குச் செடி, பறிப்புக்குப் பறிப்பு, இலையின் சத்து மாறும். ஒருவருக்கு நாலு தடவை போனால் இன்னொருவருக்குப் பதினாலு தடவை போகும்.

நிலாவரைக்கு அந்த அளவைக் கொடுத்தது ஆய்வுக்கூடம். 1941இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோலின் குழு இலையிலிருந்து சென்னோசைடு என்ற சத்துகளைத் தனியே பிரித்தது. அவை சிறுகுடலில் மாறாமல் கடந்து, பெருங்குடலுக்குப் போன பிறகு அங்கே இருக்கும் பாக்டீரியாக்களால் உடைந்து வேலை செய்கின்றன என்பது பின்னர் தெரிந்தது. இரவு சாப்பிட்டால் காலையில் போகும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்ததற்கு விளக்கம் அதுதான்: ஆறு முதல் பன்னிரண்டு மணிநேரம். பெருங்குடலை மட்டும் தொடும் மருந்து என்பதால் அதை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பும், பின்னர் கொலோனோஸ்கோபிக்கு முன்பும் கொடுத்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. இலையை மட்டும் அனுப்பிய காலம் போய், சத்தைப் பிரித்தெடுத்து அனுப்பும் ஆலைகளும் தூத்துக்குடி வட்டாரத்தில் வந்தன. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி இந்தச் செடிக்கென்றே ஒரு ரகத்தை வெளியிட்டிருக்கிறது.

இங்கே கடற்கரையின் இன்னொரு நினைவைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முத்துக்குளிப்பு அறிவித்தால் வெறும் மணல்வெளியில் சில வாரங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள்: குளியாளிகள், வணிகர்கள், காவலர்கள், கடைக்காரர்கள். குடிநீருக்கும் கழிப்பிடத்துக்கும் ஒழுங்கில்லாத அந்த முகாம்களில் அதிகாரிகளை மிகவும் பயமுறுத்தியது காலரா. காலராவும் ஒரு பேதிதான். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போகும்வரை குடலைக் கழுவிவிடும். சில மணிநேரத்தில் ஆளையும் கொண்டுபோகும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவம் இதை எப்படிப் புரிந்துகொண்டது என்பதைப் பார்த்தால் இன்று திகைப்பாக இருக்கிறது. லண்டனில் ஜார்ஜ் ஜான்சன் என்ற பெயர்பெற்ற மருத்துவர், உள்ளே இருக்கும் நஞ்சு வெளியேற வேண்டும் என்று காலரா நோயாளிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார். 1832இலேயே ஸ்காட்லாந்தில் தாமஸ் லாட்டா நரம்பு வழியே உப்புநீர் ஏற்றி நோயாளிகளை மீட்டுக் காட்டியிருந்தும் அது பல காலம் எடுபடவில்லை. பிறகு கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் உப்புநீர்ச் சிகிச்சையை நிலைநாட்டினார். 1971இல் வங்கதேச அகதி முகாமில் திலீப் மகாலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுத்து ஏராளமானோரைக் காப்பாற்றினார். பேதியால் சாகிறவர் கழிவு போனதால் சாகவில்லை, நீரும் உப்பும் போனதால் சாகிறார் என்ற எளிய விஷயம் நிலைபெற ஏறக்குறைய நூற்று நாற்பது வருடம் ஆகியிருக்கிறது.

கொலோனோஸ்கோபியின் பேதி மருந்து இந்த அறிவைத் தொட்டுத்தான் உருவானது, அதுவும் தடுமாறிய பிறகு. தொடக்கத்தில் இரண்டு மூன்று நாள் பட்டினி, விளக்கெண்ணெய் அல்லது சென்னா, மீண்டும் மீண்டும் எனிமா. மூக்கு வழியே குழாய் விட்டுப் பத்து லிட்டருக்கு மேல் உப்புநீரை ஊற்றிக் கழுவும் முறையும் வந்தது. அதில் உடம்பு உப்பை உறிஞ்சிக்கொள்வதால் இதய நோயாளிகளுக்கு ஆபத்து. மேனிட்டால் என்ற சர்க்கரை கொடுத்துப் பார்த்தார்கள். குடல் பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்து எரியும் வாயுவாக்கும் என்பது, பாலிப்பை மின்சாரத்தால் சுடும்போது குடல் வெடித்து நோயாளி ஒருவர் இறந்த செய்தி 1979இல் வெளியான பிறகுதான் உறைத்தது. 1980இல் டெக்சாஸில் ஜான் ஃபோர்ட்ரானின் குழு வேறு வழியைக் கண்டது. பாலிஎத்திலீன் கிளைகால் என்ற பொருளைக் குடல் உறிஞ்சாது. அது தண்ணீரைத் தன்னோடு பிடித்துக்கொண்டு அப்படியே வெளியே போகும். அதோடு சோடியம், பொட்டாசியம் உப்புகளைச் சரியான விகிதத்தில் கலந்தால், குடல் உடம்பிலிருந்து எதையும் இழுக்காது, உடம்புக்கு எதையும் தள்ளாது. குடல் கழுவப்படும், ரத்தத்தின் உப்பு அசையாது. நாலு லிட்டர் குடிக்க வேண்டியிருந்தது மட்டும்தான் குறை. அந்தச் சிரமத்தைத் தவிர்க்க ஒரு சிறு பாட்டில் சோடியம் பாஸ்பேட்டை நாடினார்கள். அது சிலருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்ததால் 2008இல் அமெரிக்க மருந்து ஆணையம் கடும் எச்சரிக்கை விடுத்தது. குடிக்கச் சுலபமான மருந்து உடம்புக்குச் சுலபமாக இல்லை என்ற பாடத்தை விளக்கெண்ணெய்க் காலத்து மருத்துவர்களுக்குப் பிறகு இவர்களும் படித்தார்கள்.

ஆகவே இன்று தமிழ்நாட்டு ஆஸ்பத்திரியில் கையில் கொடுக்கும் பொடிப் பாக்கெட்டும் ஒரு தாள் நிறைய விதிகளும் வெறும் சடங்கல்ல. இரண்டு மூன்று நாள் முன்பே கீரை, கொய்யா, விதையுள்ள காய், முழுத்தானியம் வேண்டாம் என்பார்கள்; நாரும் விதையும் குடல் மடிப்பில் ஒட்டிக்கொள்ளும். முதல் நாள் தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத தேநீர். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டாம், உள்ளே பார்க்கும்போது ரத்தம் போலத் தெரியும். மருந்தை இரண்டாகப் பிரித்து, பாதியை முந்தின மாலையிலும் மீதியைப் பரிசோதனைக்கு நாலைந்து மணிநேரம் முன்பும் குடிக்கச் சொல்வது இப்போதைய நடைமுறை. ஒரே மூச்சில் இரவே குடித்தவர்களைவிடப் பிரித்துக் குடித்தவர்களின் குடல் சுத்தமாக இருக்கிறது என்று ஆய்வுகள் காட்டியதால் வந்த விதி. விடியற்காலை எழுந்து அந்த உப்புக்கரிப்பைக் குடிப்பது எவருக்கும் பிடிக்காது. குமட்டல் வரும், குளிர் எடுக்கும், கழிவறைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கட்டியாகப் போனது கூழாகி, கலங்கலாகி, கடைசியில் மஞ்சள் கலந்த தெளிந்த நீராக வரும். அப்போது வேலை முடிந்தது. சரியாகச் சுத்தமாகாத குடல் நான்கில் ஒரு பங்கு வரை என்று கணக்கிட்ட ஆய்வுகள் உண்டு. அப்படியானால் பாலிப் கண்ணில் படாமல் தப்பும், அல்லது முழுவதையும் மறுபடி செய்ய வேண்டும். பரிசோதனையைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை. இடப்பக்கம் படுக்கவைத்து, நரம்பில் மயக்க மருந்து ஏற்றி, விரல் பருமனுள்ள குழாயை ஆசனவாய் வழியே பெருங்குடலின் தொடக்கம் வரை செலுத்துவார்கள். குடலை விரிக்கக் காற்றோ கரியமில வாயுவோ விடுவார்கள். உண்மையான பார்வை குழாயை மெதுவாக வெளியே இழுக்கும்போதுதான் நடக்கிறது. மொத்தம் அரை மணிநேரம் போல. பிறகு கொஞ்ச நேரம் வயிறு உப்பியிருக்கும். துணைக்கு ஒருவர் வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு, ஆனால் வெறும் பார்வைக்காகச் செய்யும்போது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு.

நான் சொல்லும் இந்த வரலாற்றுக்கு மறுப்புகள் வரும். இன்று குடிப்பது பாலிஎத்திலீன் கிளைகால், அதற்கும் தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். முதன்மையான இடத்தை நிலாவரை இழந்துவிட்டது உண்மைதான். சில நாடுகளிலும் சில ஆஸ்பத்திரிகளிலும் முதல் நாள் துணை மருந்தாக மட்டும் சென்னா தொடர்கிறது. ஆனால் பேதி மருந்துக்குத் தரம் வேண்டும், கலப்படம் கூடாது, அளவு தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை உலகச் சந்தையில் வளர்த்ததில் இந்தக் கரையின் இலைக்குப் பங்கு இருக்கிறது. அயல்நாட்டுச் செடியை வெள்ளைக்காரர் வியாபாரத்துக்காகப் பயிராக்கினார், அதில் நமக்கென்ன பெருமை என்றும் கேட்கலாம். நிழலில் உலர்த்தும் பக்குவத்தையும் கலப்படமில்லாத பேலையும் கொடுத்தவர்கள் இந்த ஊர் விவசாயிகளும் தொழிலாளிகளும். லாபத்தை யார் கொண்டுபோனார்கள் என்பது வேறு வழக்கு.

மூன்றாவது மறுப்புதான் ஆபத்தானது. நாங்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்கிறோம், வயிறு எப்போதும் சுத்தம், எங்களுக்கு எதற்குக் குழாய் என்பது அது. பாலிப் குடலின் உள்சுவரில் முளைக்கும் சதை. எந்தப் பேதியாலும் அது கழுவிக்கொண்டு போகாது. அது புற்றாக மாறப் பத்து ஆண்டுக்கு மேலும் ஆகலாம், அதற்குள் அறுத்தெடுத்தால் புற்றைத் தடுக்க முடியும் என்பதை 1993இல் வெளியான அமெரிக்கப் பாலிப் ஆய்வு காட்டியது. கொலோனோஸ்கோபிக்கு முன் கொடுக்கும் பேதி சிகிச்சை அல்ல, கண்ணுக்கு வழிவிடும் ஏற்பாடு. தினமும் நிலாவரைச் சூரணம் சாப்பிடுகிறவர்களின் குடல் உள்ளே பழுப்பேறி இருப்பதையும் அந்தக் குழாய் காட்டிக்கொடுக்கும். அதனால் பெரிய தீங்கில்லை, நிறுத்தினால் சில மாதங்களில் நிறம் மாறிவிடும். ஆஸ்பத்திரி கொடுத்த பொடிக்குப் பதிலாக வீட்டுப் பேதியை எடுத்துக்கொண்டு போவதும் சரியல்ல. நீரும் உப்பும் பற்றிய கணக்கு அதில் கிடையாது. முதியவர்களுக்கும் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும் அந்தக் கணக்கு மிக முக்கியம்.

இந்தியாவில் எல்லோரும் குறிப்பிட்ட வயதில் கொலோனோஸ்கோபி செய்ய வேண்டும் என்ற தேசியத் திட்டம் கிடையாது; அமெரிக்காவில் 45 வயதிலிருந்து சொல்கிறார்கள். இங்கே பெருங்குடல் புற்று அங்கே போல அதிகமில்லை என்பதால், எல்லாரும் ஓடிப்போய்ச் செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. மலத்தில் ரத்தம் கண்டவர்களும், காரணமில்லாமல் ரத்தசோகையோ எடைக்குறைவோ உள்ளவர்களும், மலம் கழிக்கும் பழக்கம் திடீரென்று மாறி வாரக்கணக்கில் நீடிப்பவர்களும், குடும்பத்தில் யாருக்காவது இந்தப் புற்று வந்தவர்களும் மூலம் என்று தாங்களே முடிவுகட்டிக்கொண்டு மாதங்களைக் கடத்த வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள். அவர் கொலோனோஸ்கோபி எழுதினால், சர்க்கரை மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இவற்றை எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாம் பாதி மருந்தை மட்டும் மிச்சம் வைத்துவிடாதீர்கள்.